ஐஸ்லாந்தில் கணினிக்குப் பெயர் வைத்த கதை

ஐஸ்லாந்து மொழியில் கணினிக்கு ‘தொல்வா’ என்று பெயர். எண்ணைக் குறிக்கும் ‘தாலா’வையும், குறி சொல்லும் பெண்ணைக் குறிக்கும் ‘வொல்வா’வையும் சேர்த்துப் பிசைந்து செய்த சொல் இது. எண்களை வைத்துக் குறி சொல்பவள் என்று விரித்துக்கொள்ளலாம். வொல்வா சாதாரணப் பெண் இல்லை. வட ஐரோப்பாவின் பழம்பாடல்களில் உலகம் பிறந்த கதையையும் அது அழியப்போகும் கதையையும் கடவுளுக்கே எடுத்துச் சொல்பவள் அவள்தான்.

1964 கடைசியில் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துக்கு ஐபிஎம் 1620 என்ற இயந்திரம் வந்து சேர்ந்தது. இதை என்னவென்று அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. ‘மின்கணிப்பான்’, ‘மின்மூளை’ என்று பொருள்படும் சொற்கள் அப்போது புழக்கத்தில் இருந்தன. எல்லாமே நீளம், எல்லாமே பாடப்புத்தக வாடை. அந்த நேரத்தில் ‘தொல்வா’வைக் கொடுத்தவர் சிகுர்துர் நோர்தால். அவர் பொறியாளர் இல்லை. இடைக்கால ஐஸ்லாந்துக் கதைகளை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்த பேராசிரியர், இடையில் கோபன்ஹேகனில் தூதராகவும் இருந்தவர். 1886இல் பிறந்தவர் என்பதால் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் அவர் உண்டாக்கிய ஈரசைச் சொல்லைத்தான் இன்று அந்த நாட்டில் ஒவ்வொரு குழந்தையும் சொல்கிறது.

ஐஸ்லாந்து மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வேலையை முடித்துவிட்டு அவர்களுடைய வானொலியைக் கேட்பதும், காதில் விழுந்த சொல்லை அகராதியில் தேடுவதும் பழக்கமாகிவிட்டது. கேட்கக் கேட்க ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. புதுச்சொல் செய்வது பெரிய காரியமே இல்லை. நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் நாற்பது சொல் செய்துவிடலாம். அந்தச் சொல் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்பவர் வாயிலும், பள்ளிக்கூட மைதானத்திலும் புழங்க வேண்டுமே, அதுதான் பெரிய காரியம். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டில் அது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நடக்காமலும் போயிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது.

முதலில் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. தமிழில் ஒரு அயல்சொல் வந்தால் நமக்குப் பெரிய சிரமம் கிடையாது. பஸ் வந்தது, பஸ்ஸை, பஸ்ஸில், பஸ்ஸுக்கு என்று உருபை ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். ஐஸ்லாந்து மொழியில் அப்படி முடியாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று மூன்று பாலில் ஒன்று வேண்டும். நான்கு வேற்றுமை, ஒருமை பன்மை இரண்டு, ‘அந்தக் குறிப்பிட்ட’ என்று சுட்டும் ஒட்டு சேர்ந்த வடிவம், சேராத வடிவம். பெருக்கினால் பதினாறு கட்டங்கள். சொல்லின் வால் மாறுவதோடு நிற்பதில்லை, சமயத்தில் நடுவில் இருக்கும் உயிரெழுத்தே மாறிவிடும். இந்தப் பதினாறு கட்டங்களிலும் உட்காரத் தெரியாத சொல் வாக்கியத்தில் கல் மாதிரி நிற்கும்.

தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள ஆர்னி மாக்னுஸ்சொன் ஆய்வகம் இந்த வடிவங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே ‘தொல்வா’ என்று தட்டிப் பாருங்கள். தொல்வா, தொல்வு, தொல்வுர், தொல்வும், அப்புறம் தொல்வான், தொல்வுன்னி, தொல்வுர்னார் என்று அட்டவணை இறங்கிக்கொண்டே போகும். எந்த இடத்திலும் சொல் இடறவில்லை. குறி சொல்லும் வொல்வா ஆயிரம் ஆண்டாக எப்படித் திரிந்தாளோ அதே தடத்தில் கணினியும் திரிகிறது. நோர்தாலின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. பொருளைச் சரியாகச் சொல்லும் சொல்லைத் தேடியிருந்தால் அவருக்கும் ‘மின்கணிப்பான்’தான் கிடைத்திருக்கும். அவர் சொல்லுக்குப் பிறக்கும்போதே ஒரு குடும்பத்தைக் கொடுத்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மொழியில் ‘அ’ ஒலி, அடுத்த அசையில் ‘உ’ வந்தால் ‘ஒ’ போல மாறும். கதைக்கு ‘சாகா’, கதையை என்றால் ‘சொகு’. எண்ணுக்குத் ‘தாலா’, அது திரியும்போது ‘தொலு’. ஆகவே ‘தொல்வு’, ‘தொல்வுர்’ என்று நாள் முழுக்கக் கேட்கும் பிள்ளைகள், இதன் மூல வடிவம் ‘தல்வா’வாகத்தான் இருக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டு அப்படியே சொல்கிறார்கள். பெரியவர்களிலும் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் திருத்துகிறார்கள், ‘தொல்வா’தான் சரி என்று மொழி ஆலோசனைப் பக்கங்கள் எடுத்துச் சொல்கின்றன. திருத்தட்டும். ஆனால் என் கண்ணுக்கு அந்தத் ‘தல்வா’ ஒரு பாராட்டுப் பத்திரம். ஒரு பேராசிரியர் செய்து கொடுத்த சொல் இப்போது மொழியின் சொந்த விதிக்குக் கட்டுப்பட்டுத் தானாக மாறுகிறது. மனப்பாடம் செய்து சொல்லும் சொல்லில் இந்த மாதிரிப் பிழை வராது.

தொலைபேசியின் கதை வேறு விதம். அங்கே புதிதாக எதையும் செய்யவில்லை, செத்துப்போயிருந்த சொல்லைத் தட்டி எழுப்பினார்கள். பழைய பாடல்களில் ‘ஸீமா’ என்று ஒரு சொல் வரும். நூல், கயிறு என்று பொருள். பேச்சில் எப்போதோ மறைந்துவிட்டது. தந்தி பற்றிய பேச்சு வந்தபோது யாரோ அந்தப் பழைய நூலை எடுத்து நீட்ட, அது ‘ஸீமி’ ஆயிற்று. எழுதும் ஸீமி என்றால் தந்தி, பேசும் ஸீமி என்றால் தொலைபேசி. 1906இல் ஷெட்லாந்திலிருந்து ஃபாரோ தீவுகள் வழியாகக் கடலடிக் கம்பி ஐஸ்லாந்தின் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தின வருஷம், 1905 ஆகஸ்டில், விவசாயிகள் குதிரையேறி ரெய்க்யவிக்குக்கு வந்து இந்தக் கம்பித் திட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டம் அந்த நாட்டு வரலாற்றில் பேர்போனது. கம்பி வந்தது, சண்டை ஓய்ந்தது, சொல் நிலைத்தது. தந்தி போன பிறகு ‘பேசும்’ என்ற அடைமொழியும் உதிர்ந்து வெறும் ஸீமி மிஞ்சியது.

அதன் பிறகு ஸீமி பெற்ற பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. தொலைபேசி உரையாடலுக்கு ஒரு சொல், தொலைபேசிப் புத்தகத்துக்கு ஒரு சொல். அந்தப் புத்தகம் அச்சில் வந்த காலத்தில் ஆட்களைக் குடும்பப் பெயரில் தேட முடியாது, சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டிருந்தார்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கைபேசி வந்ததும் ‘பயண ஸீமி’, ஸ்மார்ட்போன் வந்ததும் ‘கெட்டிக்கார ஸீமி’. இவற்றில் கம்பியே கிடையாது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பழைய நூல் என்ற பொருள் யார் நினைவிலும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது திரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், ‘ஸ்க்யௌர்’. கணினித் திரை, கைபேசித் திரை, விமான நிலையத்தில் நேரம் காட்டும் திரை, எல்லாம் அதுதான். பழைய ஐஸ்லாந்தில் மரம் அரிது, கண்ணாடி அதைவிட அரிது. வீடுகளைப் புல்கட்டிகளை அடுக்கிக் கட்டினார்கள். சுவரும் கூரையும் மண்ணும் புல்லும்தான். உள்ளே வெளிச்சம் வரக் கூரையில் சின்னதாக ஒரு பொந்து விட்டு, மரச்சட்டத்தில் மாட்டின் கருப்பைச் சவ்வை இழுத்துக் கட்டிப் பொருத்துவார்கள். பசு கன்று போடும்போது வரும் மெல்லிய சவ்வு அது. காய்ந்தால் இறுகி, ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். அதன் வழியாக வெளியே எதுவும் தெளிவாகத் தெரியாது, மங்கலாக ஒளிரும் ஒரு சதுரம், அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஸ்க்யௌர். கண்ணாடி சன்னல் வந்ததும் அந்தச் சவ்வுக்கு வேலை போயிற்று, சொல்லும் பழம்பொருளாகிப் போனது. பிறகு கணினிகள் வந்தன. இருட்டறையில் ஒளிரும் சதுரத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, வேலையில்லாமல் ஒரு சொல் காத்திருந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுத்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அதையே வைத்து ஒரு சொல் இருக்கிறது.

மின்சாரத்துக்கு ‘ரவ்மக்ன்’. ‘ரவ்’ என்றால் அம்பர், அதாவது பிசின் கல்லாக இறுகியது. ‘மக்ன்’ என்றால் ஆற்றல். கிரேக்கர்கள் அம்பரைத் தேய்த்துத்தான் மின்னூட்டத்தைக் கண்டார்கள், ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்தின் பெயரே அம்பருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் அதே வழியில் தங்கள் சொந்த அம்பரை எடுத்துக்கொண்டார்கள். நம் ‘மின்’ எப்படி மின்னஞ்சல், மின்விசிறி என்று எதன் முன்னாலும் ஒட்டிக்கொள்கிறதோ அப்படி அங்கே ‘ரவ்’. பாட்டரி, எலக்ட்ரீஷியன், மின்கார் எல்லாமே ரவ்வில்தான் தொடங்கும். தொலைக்காட்சியும் வானொலியும் அண்ணன் தம்பி மாதிரி. வானொலி ‘ஊட்வர்ப்’, வெளியே வீசுவது. அரசு வானொலி 1930 டிசம்பரில் தொடங்கியது. 1966இல் தொலைக்காட்சி வந்ததும் ‘ஸ்யோன்வர்ப்’, காட்சியை வீசுவது. ஜெட் விமானத்துக்கு ‘விர்ரென்று பாய்வது’, ஹெலிகாப்டருக்குச் ‘சுழற்றுவது’. இரண்டுமே வினைச்சொல்லிலிருந்து பிறந்த குட்டிச் சொற்கள், இரண்டும் உடனே ஒட்டிக்கொண்டன.

இவ்வளவு சொன்னதும் அந்த நாட்டில் அயல்சொல்லே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். வாழைப்பழத்துக்கு ‘வளைகனி’ என்று பொருள்படும் ‘ப்யூகால்தின்’ என்றும், ஆரஞ்சுக்கு ‘ஒளிர்கனி’ என்று பொருள்படும் ‘க்ளோவால்தின்’ என்றும் அழகான சொற்களைச் செய்து வைத்தார்கள். அகராதியில் இருக்கின்றன. கடையில் யாரும் கேட்பதில்லை. ‘பனானி’, ‘ஆப்பெல்ஸீனா’ என்றுதான் வாங்குகிறார்கள். பீட்ஸாவுக்குத் ‘தட்டை ரொட்டி’ என்ற மாதிரி ‘ஃப்ளாட்பாகா’ என்று ஒன்றைச் சிலர் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. காபி காபிதான்.

கார் கதை இன்னும் தெளிவானது. காருக்கு ‘பிவ்ரெய்த்’ என்று கௌரவமான ஒரு சொல் உண்டாக்கினார்கள். அது இன்றும் பதிவுத் தாள்களிலும் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் தெருவில் ஓடுவது ‘பீட்ல்’. இது டென்மார்க்கிலிருந்து வந்த சரக்கு. 1902இல் அங்கே பொலிட்டிகன் என்ற நாளிதழ் காருக்கு ஒரு டேனியப் பெயர் வேண்டும் என்று போட்டி வைக்க, ஆட்டோமொபீல் என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி ‘பீல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஐஸ்லாந்துக்கு வந்து இறங்கியதும் என்ன ஆயிற்று பாருங்கள். நாற்காலிக்கு அவர்கள் சொல்லும் ‘ஸ்டோட்ல்’ மாதிரியே முடிவில் ஒரு ‘ட்ல்’ ஒலியை வாங்கிக்கொண்டு ‘பீட்ல்’ ஆயிற்று. எழுவாயாக வந்தால் பீட்ல், செயப்படுபொருளாக வந்தால் பீல். நாற்காலி போகும் பதினாறு கட்டங்களிலும் அதுவும் போகிறது. ஓட்டுநர், கார்ஷெட், டாக்சி எல்லாவற்றுக்கும் அதை வைத்தே சொல் கட்டிவிட்டார்கள். தூய சொல்லான பிவ்ரெய்த் தோற்றது, வந்தேறியான பீட்ல் ஜெயித்தது. பனானியும் அப்படித்தான், ஸீமி திரியும் அதே வாய்ப்பாட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே ஐஸ்லாந்துக்காரர்களைத் தனித்தமிழ்வாதிகள் போன்ற தூய்மைவாதிகள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தூய்மைப் பற்று அங்கே உண்டு, அது பழசும்கூட. டென்மார்க் அரசரின் கீழ் இருந்த காலத்தில் ரெய்க்யவிக் வியாபாரிகளின் பேச்சில் டேனிஷ் ஏகமாகக் கலந்திருந்தது. அதற்கு எதிராகத்தான் 1835இல் கோபன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்த ஐஸ்லாந்து இளைஞர்கள் ‘ஃப்யொல்னிர்’ என்ற இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் யோனாஸ் ஹால்க்ரிம்சொன். இயற்கை விஞ்ஞானமும் படித்தவர். ஒரு டேனிய வானியல் நூலை அவர் மொழிபெயர்த்து 1842இல் வெளியிட்டார். ஈர்ப்புவிசைக்கும் நீள்வட்டப் பாதைக்கும் அவர் அதில் ஆக்கிய சொற்கள் இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து, முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். அவர் பிறந்த நவம்பர் 16தான் 1996 முதல் அங்கே மொழி நாள்.

யோனாஸின் சொற்களில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. ஒளி பரவ வெளியெங்கும் ஈதர் என்ற ஊடகம் நிறைந்திருக்கிறது என்று அக்கால விஞ்ஞானிகள் நம்பினார்கள். அதற்கு அவர் கொடுத்த பெயர் ‘லியோஸ்வாகி’. ஒளியை எழுப்புவது என்று கொள்ளலாம். பிற்பாடு இயற்பியல் ஈதரையே தூக்கி எறிந்துவிட்டது. சொல்லும் கூடவே போயிருக்க வேண்டும். ஆனால் வானொலி வந்தபோது, காற்றில் வரும் அலைகளைச் சொல்ல இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் வானொலி, தொலைக்காட்சி ஊடகங்களைச் சேர்த்துச் சொல்லும்போது லியோஸ்வாகிதான் வருகிறது. இல்லாத ஒரு பொருளுக்கு ஒரு கவிஞர் வைத்த பெயர், அவர் கற்பனையே செய்திராத ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

யோனாஸுக்குப் பின் இந்த வேலையைக் குழுக்கள் ஏற்றுக்கொண்டன. மின்பொறியாளர்களின் சொல்குழு 1941 முதல் உட்கார்ந்து சொல் சொல்லாகத் தீர்த்து வந்திருக்கிறது. அரசின் மொழிக்குழு 1964இல் அமைந்தது. இவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சம்பளத்துக்காக இல்லாமல், வேலை முடிந்து மாலையில் கூடி, ஒரு உதிரிபாகத்துக்கு என்ன பெயர் என்று மல்லுக்கட்டுவது சாதாரண அன்பு இல்லை. ஆனால் கடைசித் தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை. 1980களில் எய்ட்ஸ் நோய்க்குப் பெயர் தேடியபோது ‘எய்த்னி’ என்று ஒரு சொல் வந்தது. அழிப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது, ஒலியிலும் எய்ட்ஸை ஒட்டியே இருந்தது. ‘அல்னைமி’ என்று மற்றொன்றும் வந்தது, எல்லா நோயும் தொற்றக்கூடிய நிலை என்று பொருள். இரண்டும் சில காலம் ஓடின. கடைசியில் அல்னைமி நின்றது. என் மனம் அல்னைமி பக்கம்தான். நோயாளியைப் பார்த்து அழிவு என்று சொல்வதைவிட, உடம்புக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் சொல் எவ்வளவோ மேல்.

கொரோனா காலத்தில் குழு கூடுவதற்குள் ஊரே ஒரு பெயர் வைத்துவிட்டது. ‘கோவ்’ என்று பழைய சொல் ஒன்று அங்கே உண்டு. கண் தெரியாமல் அடிக்கும் பனிப்புழுதி, மூச்சு முட்டும் புகை, இதற்கெல்லாம் அந்தச் சொல். அத்துடன் ‘அந்த’ என்று சுட்டும் ஒட்டைச் சேர்த்தால் ‘கோவித்’. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த மாதங்களுக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்? பொருளும் பொருந்தி, ஒலியும் பொருந்தி, வேற்றுமையும் ஏற்று நிற்கிறது. இன்றும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் ‘கோவித்தில்’ என்று அந்தச் சொல்லைத் திரித்துச் சொல்கிறார்கள். பெண்களிடம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தையே ஆண்கள் விளக்க முற்படுகிறார்களே, அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. ‘விளக்கம்’ என்ற சொல்லின் தலையில் ‘கிடா’வைச் செருகி, கிடா விளக்கம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் கிடாவின் கடைசி எழுத்துகளும் விளக்கத்தின் முதல் எழுத்துகளும் ஒன்றாக இருப்பதால் தையல்கூடத் தெரிவதில்லை.

பெருநகரப் பேருந்துக்குத் ‘தெருவண்டி’ என்று முறைப்படி ஒரு சொல் செய்தார்கள். ஜனங்கள் அதை வாங்கி, பாதியைக் கிள்ளி எறிந்து, ‘ஸ்ட்ரைட்டோ’ என்று செல்லமாக ஆக்கிக்கொண்டார்கள். இன்று பேருந்து நிறுவனத்தின் பெயரே அதுதான். ஊர் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டதற்கு இப்படிக் கிள்ளுவதும் ஒரு அடையாளம்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பொருளுக்குப் பெயர் வைப்பதில் அந்த மொழி தோற்கவில்லை. பொருளே ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததுதான் புதுச் சிக்கல். 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸை ஐஸ்லாந்து மொழியில் தர மறுத்தது, சந்தை சிறிது என்பது காரணம். அரசு விடாமல் பேசி, 1999 தொடக்கத்தில் ஒப்பந்தம் போட்டது. ஆனால் அதற்கப்புறம் வந்த கருவிகள் காது கேட்கவும் வாய் பேசவும் தொடங்கின. ஐஸ்லாந்தில் ஒரு குழந்தை தன் கைபேசியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஸ்க்யௌர் என்ற சொல் பத்திரமாக இருக்கிறது, அந்த ஸ்க்யௌரில் ஓடுவதெல்லாம் ஆங்கிலம். 2012இல் ஐரோப்பிய மொழிகளின் மின்னணு நிலையைப் பற்றி வந்த ஆய்வுத் தொகுப்பில், மிகுந்த ஆபத்தில் இருக்கும் மொழிகளில் ஒன்றாக ஐஸ்லாந்து மொழி வைக்கப்பட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2011இல் மொழிக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தார்கள். பிறகு மொழித் தொழில்நுட்பத்துக்கென்று அரசுப் பணத்தில் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பகுதியாக 2019இல் வந்தது ‘ஸம்ரோமுர்’ என்ற தளம். அங்கே யார் வேண்டுமானாலும் போய், காட்டப்படும் வாக்கியங்களைத் தங்கள் குரலில் படித்துப் பதிவு செய்ய முடிந்தது. எந்தப் பள்ளி அதிக வாக்கியம் படிக்கிறது என்று பள்ளிகளுக்கிடையே போட்டிகூட வைத்தார்கள், பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து படித்தார்கள். 2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஐ வெளியிட்டபோது, ஐஸ்லாந்து மொழியைச் சரியாகக் கற்றுத்தர அந்த நாட்டு அரசோடு சேர்ந்து வேலை செய்வதாக அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு, செயற்கை நுண்ணறிவுக்கு, அங்கே ‘கெர்விக்ரெய்ந்த்’ என்று பெயர். அதுவும் அந்த அட்டவணையில் ஏறியாயிற்று. பெண்பால்.